மின்சாரம் திரும்பிய பின் யார் எழுப்புவது?

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நம் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் கூறினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 2022 மார்ச் மாத இறுதியில், ஒரு நாளில் 13 மணித்தியால மின்வெட்டையும் நாம் கண்டோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாடம் படித்த அந்த நாட்களை மாணவிகள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மின்சாரம் திரும்பி வந்ததும் வீட்டில் என்ன நடக்கிறது? மின்விசிறி தானாகச் சுழல்கிறது. குளிர்சாதனப் பெட்டி மெல்ல உறுமத் தொடங்குகிறது. அவற்றின் ஆளி போட்டபடியே இருந்ததால் அவற்றுக்கு வேறு யாருடைய உதவியும் தேவைப்படுவதில்லை. மேசைக் கணினி அப்படியன்று. பொத்தானை அழுத்த ஒருவர் வரும்வரை அது உறங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக் கணினி உறங்கினால் பெரிய நட்டமில்லை. பல நூறு பேருடைய மின்னஞ்சல்களைப் பெற்றுக்கொடுக்கும் கணினி நள்ளிரவில் அணைந்து, பிறகு மின்சாரம் வந்தும் உறங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அதை யார் எழுப்புவது? இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான விளக்கமே.

கடிதம் ஏந்தும் கணினி

மின்னஞ்சல் என்றதும் நம் கண்முன் வருவது கைத்தொலைபேசித் திரைதான். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் கடிதம் நேரே மற்றவரின் தொலைபேசிக்குப் போய்விடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது முதலில் அனுப்புபவரின் மின்னஞ்சல் சேவையகத்துக்குச் செல்கிறது. அந்தச் சேவையகம் பெறுபவரின் சேவையகத்தைத் தேடிப் பிடித்துக் கடிதத்தை ஒப்படைக்கிறது. பெறுபவர் தனக்கு நேரம் கிடைக்கும்போது தன் சேவையகத்திலிருந்து அதை எடுத்து வாசிக்கிறார். கிராமத்து உப தபாலகத்தை நினைத்துக்கொண்டால் விடயம் எளிதில் விளங்கும். ஒரே வேறுபாடு, இந்தத் தபாலகம் இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும்.

1971 ஆம் ஆண்டில் ரே டொம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே கடிதம் அனுப்பிக் காட்டினார். பெயரையும் இடத்தையும் பிரிக்க நாம் இன்றும் பயன்படுத்தும் சுழித்த ‘அட்’ குறியீட்டைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. கடிதத்தைக் கைமாற்றும்போது இரு சேவையகங்களும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற விதிமுறையை 1982 இல் ஜொனதன் பொஸ்டல் எழுதி வெளியிட்டார். எஸ்எம்டிபி எனப்படும் அந்த விதிமுறையே, பல திருத்தங்களுடன், இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. அதே காலப்பகுதியில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஓல்மன் எழுதிய ‘சென்ட்மெயில்’ என்னும் செய்நிரல் நீண்ட காலம் உலகின் பெரும்பகுதிக் கடிதங்களைச் சுமந்தது. பின்னர் 1998 இல் வீட்சே வெனமா என்பவர் ‘போஸ்ட்பிக்ஸ்’ என்ற செய்நிரலை வெளியிட்டார். லினக்ஸ் கணினிகளில் இன்று பரவலாக இயங்குவது அதுதான். எனவே இக்கட்டுரையில் போஸ்ட்பிக்ஸையே உதாரணமாகக் கொள்வோம்.

கதவு மூடியிருந்தால் கடிதம் எங்கே போகும்?

சேவையகம் அணைந்திருக்கும் நேரத்தில் கடிதம் வந்தால் அது உடனே அழிந்துவிடுமா? இல்லை. எஸ்எம்டிபி விதிமுறையை வகுத்தவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். பெறும் சேவையகம் பதில் தராவிட்டால், அனுப்பும் சேவையகம் கடிதத்தைத் தன் வன்தட்டில் ஒரு வரிசையில் வைத்துக்கொள்ளும். சிறிது நேரம் கழித்து மறுபடியும் முயலும். பிறகு இன்னும் நீண்ட இடைவெளி விட்டு முயலும். குறைந்தது நான்கைந்து நாட்கள்வரை முயற்சியைக் கைவிடலாகாது என்பது பொது விதி. போஸ்ட்பிக்ஸில் இந்தக் கெடு, மாற்றியமைக்காவிட்டால், 5 நாட்கள்.

ஐந்து நாள் நீண்ட காலமாகத் தோன்றலாம். ஆனால் இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கட்டாரில் வேலை செய்யும் தந்தை, மகளின் விண்ணப்பத்துக்குத் தேவையான சம்பளச் சான்றிதழை அனுப்புகிறார். ‘அனுப்பப்பட்டது’ என்று அவர் திரை காட்டுகிறது. அவர் நிம்மதியாக இருக்கிறார். இங்கே மகள், ‘வாப்பா இன்னும் அனுப்பவில்லை’ என்று காத்திருக்கிறாள். விண்ணப்ப முடிவுத் திகதி நாளை. கடிதம் இருவருக்கும் நடுவில் எங்கோ ஒரு வரிசையில் நிற்கிறது. கெடு முடியும்வரை எந்த அறிவித்தலும் வராமலே போகலாம். பெருநாள் விடுமுறையில் அணைந்த சேவையகத்தை விடுமுறை முடிந்து வருபவர்தான் கண்டுபிடிப்பார் என்றால் ஐந்து நாட்களும் போதாமற் போகும். கடிதம் ஓர் அமானிதம். அதைப் பெற்று உரியவரிடம் சேர்க்க ஒப்புக்கொண்ட கணினியும் அதைப் பராமரிப்பவரும் அந்த அமானிதத்தைச் சுமக்கிறார்கள்.

கணினி விழிக்கும் படிகள்

கணினி தொடங்குவதை ஆங்கிலத்தில் ‘பூட்’ செய்தல் என்கிறோம். சப்பாத்தின் பின்புறமுள்ள வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற ஆங்கில வழக்கிலிருந்து வந்த சொல் அது. நடக்க முடியாத காரியந்தான்; ஆனாலும் கணினி ஏறக்குறைய அதையே செய்கிறது. நினைவகம் வெறுமையாக இருக்கும் நிலையிலிருந்து, சிறிய செய்நிரல் பெரியதை எழுப்ப, பெரியது அதனினும் பெரியதை எழுப்ப, படிப்படியாகத் தன்னைத் தூக்கி நிறுத்துகிறது.

முதற் படி தாய்ப்பலகையில் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டுள்ள சிறு மென்பொருள். பயோஸ் என்று பழைய கணினிகளிலும், யுஇஎப்ஐ என்று புதியவற்றிலும் அது அழைக்கப்படுகிறது. மின்சாரம் கிடைத்ததும் அது நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு முதலியவற்றைச் சரிபார்க்கிறது. இரண்டாம் படியில், வன்தட்டிலிருந்து பணிசெயல் முறைமையைத் தேடி ஏற்றும் சிறு செய்நிரல் ஓடுகிறது. லினக்ஸில் இதற்குப் பெரும்பாலும் ‘க்ரப்’ பயன்படுகிறது. மூன்றாம் படியில் கேர்னல் எனப்படும் கரு நினைவகத்தில் ஏறி, வன்பொருள்கள் அனைத்தையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறது. நான்காம் படியில் அந்தக் கரு ஒரேயொரு செய்நிரலைத் தொடக்கிவிடுகிறது. அதற்குக் கிடைக்கும் இலக்கம் 1. அதன்பின் மற்ற எல்லாச் சேவைகளையும் எழுப்புவது இந்த முதலாம் இலக்கத்தின் பொறுப்பு. நோன்பு மாதத்தில் சஹருக்கு முதலில் எழுந்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் எழுப்பும் உம்மாவைப் போன்றது அது.

இந்தப் படிகளுக்கெல்லாம் முன்னால் மற்றொன்று உண்டு. மின்சாரம் திரும்பியதும் பொத்தானை யாரும் அழுத்தாமலேயே கணினி தொடங்க வேண்டும் அல்லவா? அதற்கான தெரிவு பயோஸ் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. மின்தடைக்குப் பின் அணைந்தே இருப்பதா, தொடங்குவதா, முன்பிருந்த நிலைக்குத் திரும்புவதா என்று பெரும்பாலான தாய்ப்பலகைகள் கேட்கும். பல கணினிகள் ‘அணைந்தே இரு’ என்ற தெரிவுடனேயே விற்பனைக்கு வருகின்றன. சேவையகத்தில் அதை மாற்றி வைக்காவிட்டால், இனி நாம் சொல்லப்போகும் எந்த ஏற்பாட்டாலும் பயனில்லை.

இன்று எழுப்புவதும் நாளைக்கு ஏற்பாடு செய்வதும்

முதலாம் இலக்கச் செய்நிரலாகப் பல ஆண்டுகள் இருந்தது ‘இனிட்’. 1983 இல் வெளிவந்த சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸின் முறையைப் பின்பற்றிய கணினிகளில், தொடங்க வேண்டிய சேவைகளின் பெயர்கள் ஒரு கோப்புறையில் இருக்கும். ஒவ்வொரு பெயரின் முன்னும் எஸ் என்ற எழுத்தும் ஓர் இலக்கமும் நிற்கும். ரெட் ஹெட் லினக்ஸில் வலையமைப்புக்கு எஸ்10, சென்ட்மெயிலுக்கு எஸ்80. சிறிய இலக்கம் முதலில், பெரிய இலக்கம் பிறகு. வரிசையில் நிற்கும் மாணவிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக அவை தொடங்கும்.

2010 இல் லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் ‘சிஸ்டம்டி’ என்னும் புதிய முறையை அறிமுகப்படுத்தினர். 2015 இல் டெபியனும் உபுண்டுவும் இதற்கு மாறின. இம்முறையில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சிறு கோப்பு உண்டு. எந்தச் செய்நிரலை ஓட்டுவது, எதற்குப் பின்னர் ஓட்டுவது, விழுந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் சில வரிகளில் எழுதப்பட்டிருக்கும்.

இங்கே புதிதாகக் கற்பவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் போஸ்ட்பிக்ஸ்’ என்று கட்டளையிட்டால் மின்னஞ்சல் சேவை உடனே தொடங்குகிறது. கடிதங்கள் வருகின்றன, போகின்றன. வேலை முடிந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்தக் கட்டளையின் பயன் கணினி அணையும்வரைதான். அடுத்த முறை கணினி தொடங்கும்போது அதை எதுவும் நினைவில் வைத்திருக்காது. நாளைக்கும் நாளை மறுதினத்துக்குமான கட்டளை வேறு: ‘சிஸ்டம்சிடிஎல் இனேபிள் போஸ்ட்பிக்ஸ்’. இதை இட்டதும் சேவை உடனே தொடங்காது. கணினி தொடங்கும்போது எழுப்ப வேண்டியவர்களின் பட்டியலாக உள்ள கோப்புறையில், போஸ்ட்பிக்ஸின் சேவைக் கோப்பைச் சுட்டும் ஓர் இணைப்பு உருவாகும். அவ்வளவே.

உறங்கும் பிள்ளையைத் தட்டி எழுப்புவது ஸ்டார்ட். படுக்கப் போகுமுன் சுபஹ் தொழுகைக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுப்பது இனேபிள். ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்ததாகாது. இரண்டும் வேண்டுமாயின் இனேபிள் கட்டளையுடன் ‘நௌ’ என்ற சொல்லை இரு சிறு கோடுகளுக்குப் பின் சேர்த்து, ஒரே தடவையில் செய்துகொள்ளலாம். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் போஸ்ட்பிக்ஸை நிறுவும்போதே இரண்டும் தாமாக நடந்துவிடும். ரெட் ஹெட் வழிவந்தவற்றில் பொதுவாக நாமே கட்டளையிட வேண்டும். எதுவாயினும் ‘இஸ்-இனேபிள்ட்’ என்று கேட்டுப் பதிலைப் பார்த்துவிடுவது நல்லது.

எது முதலில்?

சோறு வடித்த பிறகு அரிசி கழுவ முடியாது. மின்னஞ்சல் சேவைக்கும் அப்படியொரு முறை உண்டு. கடிதம் அனுப்ப வலையமைப்பு வேண்டும். பெறுபவரின் சேவையகம் எங்கே இருக்கிறது என்று அறிய ஆள்களப் பெயர் முறைமை பதில் தர வேண்டும். கொம், எடு, கொவ், ஓர்க் போன்ற பெயர்ப் பிரிவுகளை வகுத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் எலிசபெத் ஃபெயின்லர் என்னும் பெண்மணி என்பதை நம் மாணவிகள் அறிந்திருப்பது நல்லது. நமது எல்கே என்ற நாட்டுக் குறியீடு 1990 இலிருந்து இருந்து வருகிறது.

சேவைக் கோப்பில் ‘ஆப்டர்’ என்று தொடங்கும் வரி இந்த ஒழுங்கைச் சொல்கிறது. இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வலையமைப்பைத் தொடக்கும் வேலை ஆரம்பித்துவிட்டது என்பது வேறு. கணினிக்கு முகவரி கிடைத்து, வெளியுலகத் தொடர்பு ஏற்பட்டுவிட்டது என்பது வேறு. சிஸ்டம்டி இவ்விரண்டையும் ‘நெட்வேர்க்’, ‘நெட்வேர்க்-ஒன்லைன்’ என்று தனித்தனி இலக்குகளாக வைத்திருக்கிறது. மின்வெட்டுக்குப் பின் கணினி வேகமாக எழுந்துவிடும். இணைய இணைப்புத் தரும் ரவுட்டர் எழும்ப இன்னும் சில நிமிடங்கள் எடுக்கலாம். குறிப்பிட்ட முகவரி கைக்கு வந்த பின்னரே இயங்கக்கூடிய சேவையாயின் இரண்டாவது இலக்குக்காகக் காத்திருக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கேபிளைக் கழற்றி மாட்டும்போது எல்லாம் சரியாக இருக்கும், மின்வெட்டு வந்த நாளில் மாத்திரம் சேவை எழும்பாது. காரணம் தேடி ஆட்கள் களைத்துப் போவார்கள்.

கடிதத்தைப் பெற்றுக்கொள்ளும் செய்நிரலும் அதை வாசிக்கக் கொடுக்கும் செய்நிரலும் வெவ்வேறு என்பதையும் மறக்கக் கூடாது. போஸ்ட்பிக்ஸ் முதலாவதைச் செய்கிறது. இரண்டாவதற்குப் பல இடங்களில் ‘டவ்கொட்’ என்பது பயன்படுகிறது. போஸ்ட்பிக்ஸை மாத்திரம் பட்டியலில் சேர்த்துவிட்டு டவ்கொட்டை விட்டுவிட்டால், கடிதங்கள் வந்து சேரும். யாராலும் திறந்து பார்க்க முடியாது. தபாற் பை வந்துவிட்டது, விநியோகிப்பவர் வரவில்லை என்ற நிலைதான்.

இடையில் விழுந்தால்

தொடங்கியது தொடர்ந்து நிற்கும் என்று எந்த உறுதியும் இல்லை. நினைவகம் போதாமல் ஒரு செய்நிரல் நின்றுபோகலாம். இதைக் கருத்திற்கொண்டே வெனமா தன் போஸ்ட்பிக்ஸை ஒரே பெரிய செய்நிரலாக எழுதாமல், சிறு சிறு செய்நிரல்களின் குடும்பமாக எழுதினார். வாசலில் கடிதம் வாங்குவது ஒன்று, வரிசையைக் கவனிப்பது மற்றொன்று, வெளியே கொண்டு சேர்ப்பது வேறொன்று. ‘மாஸ்டர்’ எனப்படும் தலைமைச் செய்நிரல் இவற்றை மேற்பார்க்கிறது. ஒன்று விழுந்தால் அதன் இடத்தில் இன்னொன்றை நிறுத்துகிறது.

தலைமையே விழுந்தால்? சேவைக் கோப்பில் ‘ரீஸ்டார்ட்’ என்ற வரியை எழுதி, விழும் சேவையை மறுபடி எழுப்புமாறு முதலாம் இலக்கத்தைப் பணிக்கலாம். ஆனாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. மாற்றியமைக்காவிட்டால், 10 விநாடிகளுக்குள் 5 தடவை தொடங்கப்பட்ட சேவையை அதற்கு மேலும் தொடக்க சிஸ்டம்டி மறுத்துவிடும். அமைப்புக் கோப்பில் பிழை இருக்கும்போது முடிவின்றி எழுப்பிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. அப்போது மனிதர் ஒருவர் வந்து பதிவேட்டை வாசித்துக் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

திடீரென மின்சாரம் போவதால் வன்தட்டில் பாதி எழுதிய கோப்புகளும் பழுதடையக்கூடும். அதனால் யூபிஎஸ் எனப்படும் மின்கலச் சாதனம் அவசியம். ஆனால் நீண்ட மின்வெட்டில் அதுவும் தீர்ந்துவிடும். மின்கலம் தீருமுன் கணினியை ஒழுங்காக அணைக்கவும் மென்பொருள் உண்டு. ஒழுங்காக அணைவது ஒழுங்காக எழுவதற்கு முதல் உதவி.

திறந்த கதவின் பொறுப்பு

தானாகத் தொடங்கும் எதுவும் நம் கண்காணிப்பு இல்லாத நேரத்திலும் உலகத்துக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. 1988 நவம்பர் 2 ஆம் திகதி, கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் மொரிஸ் எழுதிய ஒரு செய்நிரல் இணையத்தில் பரவி, ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணற வைத்தது. அது நுழைந்த வழிகளில் ஒன்று சென்ட்மெயில். சோதனைக்காக விட்டுவைத்திருந்த ஒரு வசதி பல கணினிகளில் மூடப்படாமலே இருந்தது. ஒவ்வொரு முறை கணினி தொடங்கியபோதும் அந்த ஓட்டையும் கூடவே திறந்துகொண்டது.

ஆகவே பட்டியலில் சேர்க்குமுன் இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, இந்தக் கணினிக்கு மின்னஞ்சல் சேவை உண்மையிலேயே தேவையா என்பது. தேவையில்லையாயின் ‘டிஸேபிள்’ என்ற கட்டளையால் பெயரை நீக்கிவிடலாம். இரண்டாவது, யார் எவருக்கு அனுப்பினாலும் சுமந்து செல்லும் திறந்த வழியாக நம் சேவையகம் இருக்கிறதா என்பது. அப்படி இருந்தால் மோசடிக்காரர்கள் அதைக் கண்டுபிடித்து லட்சக்கணக்கில் குப்பைக் கடிதங்களை அனுப்புவார்கள். பிறகு நம் சேவையகத்தின் முகவரி தடைப்பட்டியல்களில் ஏறும். நாம் அனுப்பும் நேர்மையான கடிதங்களையும் பிறர் ஏற்க மறுப்பார்கள்.

அணைத்துப் பாருங்கள்

இத்தனை ஏற்பாடுகளும் சரியா என்று அறிய ஒரே வழிதான் உண்டு. பாவனையாளர்களுக்கு முன்னறிவித்தல் கொடுத்து, அமைதியான ஒரு நேரத்தில் சேவையகத்தை ஒழுங்காக அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்து, சில நிமிடங்களின் பின் மீண்டும் கொடுக்க வேண்டும். பிறகு விசைப்பலகையைத் தொடாமல் ஒதுங்கி நிற்க வேண்டும். கணினி தானாக எழுந்ததா? வெளியிலிருந்து அனுப்பிய சோதனைக் கடிதம் வந்ததா? அதைத் திறந்து வாசிக்க முடிந்ததா? பதில் எழுதினால் போய்ச் சேர்ந்ததா? நான்குக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால் மாத்திரமே வேலை முடிந்தது. புதிய மென்பொருள் ஏற்றும்போதும், அமைப்புக் கோப்பை மாற்றும்போதும் இச்சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பல மாதங்கள் அணையாமல் ஓடிய கணினியில் யார் எதை மாற்றினார்கள் என்பது அடுத்த மின்வெட்டு வரை தெரியாமலே இருந்துவிடலாம்.

பெற்றோர்கள் இதை வாசித்துவிட்டு, ‘எங்கள் பிள்ளை ஜிமெயில்தானே பயன்படுத்துகிறாள், இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு சிறிய பாடசாலை தனக்கென மின்னஞ்சல் சேவையகம் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இன்று இல்லை. ஆனால் அந்தப் பெரிய நிறுவனங்களின் கணினிகளையும் யாரோ சிலர் இதே கேள்விகளைக் கேட்டுத்தான் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள். வைத்தியசாலையின் பரிசோதனை முடிவுகளைச் சுமக்கும் கணினிக்கும், வங்கியின் கணினிக்கும், பல்கலைக்கழகத்தின் கணினிக்கும் இதே நான்கு படிகளும் இதே ஒழுங்கும் உண்டு. இந்த வேலைக்குத் தேவை பொறுமையும் ஒழுங்கும், அடுத்த மின்வெட்டை முன்கூட்டியே நினைக்கும் பழக்கமுந்தான். அவை நம் மாணவிகளிடம் நிறையவே இருக்கின்றன. தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கற்கும் மாணவி, பழைய கணினி ஒன்றில் உபுண்டுவை நிறுவி, போஸ்ட்பிக்ஸை ஏற்றி, ஒரே வீட்டு வலையமைப்புக்குள்ளேயே இவையனைத்தையும் செய்து பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை. மென்பொருள்கள் அனைத்தும் இலவசம். ஒரு விடுமுறை வாரம் போதும்.